நகலெடுத்தால் கவை ஆகிவிடுமா?

சிற்றிதழ்ச் சூழலில் வளர்ந்த நமக்குப் 'பிரிந்து போனவர்கள்' என்பது ஏறத்தாழ ஒரு வசைச்சொல். ஓர் இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து நால்வர் விலகி வேறோர் இதழ் தொடங்கினால், அந்நால்வரின் எழுத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாக அவர்களுடைய மனத்தாங்கலைப் பற்றித்தான் பேசுவோம். யார் கடிதத்துக்கு யார் பதில் போடவில்லை, எந்தக் கூட்டத்தில் யாருக்கு மேடை கிடைக்கவில்லை என்னும் ஆராய்ச்சி இரண்டு தலைமுறைக்கு நீளும். இதே பழக்கத்தோடுதான் நம் நண்பர்கள் மென்பொருள் உலகின் பிரிவுகளையும் பார்க்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேச்செழும் இலக்கியச் சந்திப்புகளில் நாம் திரும்பத் திரும்பக் கேட்பவை இரண்டு கருத்துகள். "அவர்களும் நம்மைப் போலத்தான், மூன்று பேர் கூடினால் நான்கு குழு" என்று மூத்தவர்கள் சிரிப்பார்கள். "பிடிக்கவில்லையென்றால் மூலநிரலை நகலெடுத்துக்கொண்டு தனியே போய்விட வேண்டியதுதானே, அதற்காகத்தானே திறந்து வைத்திருக்கிறார்கள்" என்று இளையவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

முதற்கருத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். இரண்டாவது பாதி உண்மை. ஆகவே கூடுதல் தீங்கு செய்கிறது. அதை மறுப்பதற்கே இக்கட்டுரை.

ஆங்கிலத்தில் இப்பிரிவை 'ஃபோர்க்' என்கிறார்கள். முட்கரண்டியை நினைத்து மருள வேண்டியதில்லை. ஒரே அடிமரம் இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்றும் கவட்டை என்றும் நாம் சொல்வோமே, அதுதான். 'கிளை' என்று மொழிபெயர்ப்போரும் உண்டு. நிரலாளர்கள் 'பிராஞ்ச்' என்னும் வேறொன்றுக்கு அச்சொல்லை வைத்திருப்பதால் குழப்பம் நேரும் என்பது ஒருபுறமிருக்க, கிளை என்பது மரத்துக்கு அடங்கியது. கவையிலோ இரண்டு கைகளும் ஏறத்தாழ ஒரே பருமன். எது மூலம், எது பிரிவு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நாம் கவை என்றே எழுதுவோம். ஒரு மென்பொருளின் மூலநிரலை அதன் உரிமம் இடந்தரும் முறையில் எடுத்து, மூலத் திட்டத்தாரின் இசைவுக்குக் காத்திராமல், வேறு பெயரில், வேறு நிர்வாகத்தில் வளர்த்துச் செல்வது கவை. நகலெடுக்கச் சில நிமிடங்கள் போதும். கிட்ஹப் தளத்தில் அதற்கென ஒரு பொத்தானே உண்டு. நம் இளைய நண்பர்கள் சுதந்திரம் என்று கருதுவது அந்தப் பொத்தானை.

இதனைக் கோட்பாடாகப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எழுதுகிறவர்களுக்கு நெருக்கமான ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்வோம்: நம்மில் பலர் எழுதப் பயன்படுத்தும் சொற்செயலியின் வரலாறு.

ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் என்னும் நிறுவனம் ஸ்டார் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை உருவாக்கி விற்றுவந்தது. 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்நிறுவனத்தை வாங்கியது. 2000 அக்டோபரில் மூலநிரலைப் பொதுவில் திறந்துவிட்டது. அதுவே ஓப்பன் ஆபிஸ். சன் செய்தது பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. மைக்ரோசாப்டின் ஏகபோகத்துக்கு எதிரே ஏழை நாடுகளின் பள்ளிகளும் அலுவலகங்களும் காசில்லாமல் பயன்படுத்தும் ஒரு முழுமையான மென்பொருள் அதனால்தான் கிடைத்தது. ஆனால் கொடையாளர் வாசற்கதவின் சாவியைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டார். வெளியிலிருந்து ஒருவர் ஒரு திருத்தத்தை அனுப்பினால், அந்தத் திருத்தத்தின் பதிப்புரிமையைச் சன் நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்வதாக ஓர் ஆவணத்தில் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். அதன் பிறகும் அத்திருத்தம் ஏற்கப்படுமா, எப்போது ஏற்கப்படும் என்பதை நிறுவனத்தின் பொறியாளர்களே முடிவு செய்வார்கள்.

சிற்றிதழ்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமன்று. ஓர் இதழின் பெயர் ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும். எழுதுபவர்கள், மெய்ப்புப் பார்ப்பவர்கள், சந்தா சேர்ப்பவர்கள், கட்டுக் கட்டி அஞ்சலகத்துக்குச் சுமப்பவர்கள் எல்லாரும் 'நம் இதழ்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது அநாகரிகமாகவும் கருதப்படும். உரியவர் நல்லவராக இருக்கும்வரை கேள்விக்கு இடமும் இல்லை. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இல் தொடங்கி 1970இல் நின்றது. அவ்வளவு காலம் அது ஓடியதற்கு ஒரு மனிதரின் பிடிவாதம் காரணம். அவரோடு அது நின்றதற்கும் அதுவே காரணம். செல்லப்பாவின் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. தியாகம் ஒரு நிர்வாக முறையாகாது என்பதற்காக எழுதுகிறோம்.

ஓப்பன் ஆபிஸ் விஷயத்தில் கேள்வியை முதலில் கேட்டவர்கள் லினக்ஸ் வழங்கல்களுக்கு மென்பொருளைத் தொகுத்துத் தருபவர்கள். தங்கள் திருத்தங்கள் ஏற்கப்படாமல் தேங்கியபோது, அவற்றை ஒரு மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய வெளியீட்டின் மீதும் ஒட்டித் தந்துவந்தார்கள். நொவெல் நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் மீக்ஸ் இதில் முன்னின்றவர். பதிப்புரிமையை ஒரே நிறுவனத்தின் கையில் குவிப்பதன் கேட்டைப் பற்றி வெளிப்படையாக எழுதியவர். 'கோ-ஊ' என்ற பெயரில் அம்மூட்டை தனித் தொகுப்பாகவே வழங்கியது. லினக்ஸ் பயன்படுத்திய பலரும் ஓப்பன் ஆபிஸ் என்று எண்ணித் திறந்தது இந்த ஒட்டுப்போட்ட வடிவத்தைத்தான். அறிவிப்பு வருமுன்னரே கவை பாதி விழுந்திருந்தது என்பது இதன் பொருள். பொத்தானை அழுத்தும் நண்பர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். பிரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஒரு கூட்டத்தார் அந்நிரலைக் கட்டியெழுப்பவும், வெளியிடவும், வழுக்களைத் திருத்தவும் தங்கள் கையால் பழகியிருந்தார்கள்.

2009 ஏப்ரலில் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கப்போவதாக அறிவித்தது. 2010 ஜனவரியில் கைமாற்றம் முடிந்தது. புதிய உரிமையாளரின் மௌனம்தான் முதலில் அச்சமூட்டியது. சன்னின் இன்னொரு திறமூலத் திட்டமான ஓப்பன் சோலாரிஸின் நிர்வாகக் குழு, ஆரக்கிளிடமிருந்து எந்த மறுமொழியும் வராத நிலையில், 2010 ஆகஸ்டில் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அதே மாதத்தில் ஜாவா தொடர்பாகக் கூகுள் மீது ஆரக்கிள் வழக்குத் தொடுத்தது. ஓப்பன் ஆபிஸுக்குப் பத்தாண்டு உழைத்தவர்கள் அடுத்த செய்தி தங்களைப் பற்றியதாக இருக்குமோ என்று காத்திருக்கவில்லை.

2010 செப்டம்பர் 28 அன்று 'டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்னும் அமைப்பும் 'லிப்ரே ஆபிஸ்' என்னும் பெயரும் அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பின் தொனியை நம் இலக்கியப் பிரிவினைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதில் வசை இல்லை. ஆரக்கிளையும் உறுப்பினராகச் சேரும்படி அழைத்தார்கள். ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரை அமைப்புக்கு வழங்கும்படி கேட்டார்கள். அது கிடைக்கும்வரைக்குமான இடைக்காலப் பெயர் என்றுதான் லிப்ரே ஆபிஸ் என்பதை அறிமுகப்படுத்தினார்கள். பெயர் கிடைக்கவில்லை. அக்டோபரில் நடந்த ஓப்பன் ஆபிஸ் சமூக மன்றக் கூட்டத்தில், புதிய அமைப்பில் சேர்ந்தவர்கள் நலமுரண் காரணமாக மன்றத்திலிருந்து விலக வேண்டும் என்று ஆரக்கிள் தரப்பினர் கேட்டார்கள். பிரிந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனார்களா, கதவு அவர்கள் முகத்தில் சாத்தப்பட்டதா என்பதைப் படிப்பவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

(பெயரைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. பிரேசிலில் ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரை வேறொருவர் முன்பே பதிவு செய்திருந்ததால், அந்நாட்டுத் தன்னார்வலர்கள் 'பிஆர் ஆபிஸ்' என்ற பெயரில்தான் நெடுங்காலம் வழங்கிவந்தார்கள். பெயர் போனாலும் ஆட்களும் வேலையும் போகவில்லை என்பதை அவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். பின்னர் அவர்களும் லிப்ரே ஆபிஸில் வந்து சேர்ந்தார்கள்.)

அறிவிப்புக்குப் பின் நடந்ததே நமக்கு முக்கியம். கேட்பதற்குச் சுவையற்றது என்பதால் அதை எவரும் எழுதுவதில்லை.

லட்சக்கணக்கான வரிகள் கொண்ட பழைய நிரல் அது. அதைக் கணினியில் கட்டியெழுப்புவதற்கே பல மணி நேரம் பிடிக்கும். கட்டும் முறையோ பழகியவர்களுக்கே விளங்காதது. ஆர்வத்தோடு வரும் ஒரு புதியவர் முதல் மாலையிலேயே களைத்துத் திரும்பிவிடுவார். புதிய அமைப்பினர் 'எளிய திருத்தங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டார்கள். திட்டத்தின் உள்விவகாரம் ஏதும் அறியாத ஒருவர், ஓரிரு மாலைகளில் செய்து முடிக்கக்கூடிய சிறுசிறு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எங்கே தொடங்குவது, எந்தக் கோப்பைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது என்ற குறிப்பும் உண்டு. எவரும் அழைக்காமல் நிரலுக்குள் கிடந்த பழைய செயற்கூறுகளை நீக்குவது அவற்றுள் ஒன்று. இன்னொன்று தமிழ் படித்தவர்களின் நெஞ்சைத் தொடக்கூடியது: ஜெர்மன் மொழிக் குறிப்புகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பது.

நிரலாளர்கள் தாம் எழுதும் கட்டளைகளுக்கிடையே, பின்னால் படிப்பவருக்காகச் சாதாரண மொழியில் குறிப்புகள் எழுதிவைப்பார்கள். நம் மரபில் சொன்னால் உரை. நூற்பா இன்னதென்று இருக்க, அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்வது உரை. ஸ்டார் டிவிஷன் காலத்து ஜெர்மானியப் பொறியாளர்கள் அவ்வுரையைத் தம் தாய்மொழியில் எழுதியிருந்தார்கள். மூலநிரல் திறக்கப்பட்டுப் பத்தாண்டு ஆன பிறகும் அக்குறிப்புகள் பெருவாரியாக அப்படியே கிடந்தன. உலகெங்கும் இருந்து வருபவருக்கு நூற்பா கைக்கெட்டியது, உரை எட்டவில்லை. இளம்பூரணர் இல்லாமல் தொல்காப்பியத்துக்குள் ஒருவரை இறக்கிவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் இக்குறிப்புகளைப் பெயர்ப்பதற்கு வரவு எதுவும் இல்லை. ஆகவே எந்த மேலாளரும் அதற்கு ஆள் ஒதுக்கமாட்டார். கவைக்காரர்கள் அதையே வாசலாக்கினார்கள். நிரலெழுதத் தெரியாதவரும் ஜெர்மன் தெரிந்திருந்தால் உள்ளே வரலாம். பத்துக் குறிப்புகளைப் பெயர்த்து அனுப்பியவர், அந்தப் பத்து இடங்களில் நிரல் என்ன செய்கிறது என்பதையும் ஏறத்தாழ அறிந்துகொண்டிருப்பார். அடுத்த முறை அவர் ஒரு வழுவைத் தொட்டுப் பார்க்கத் துணிவார்.

தன்னார்வலரைத் திரட்டுவது என்றால் முழக்கம் எழுப்பி ஆள் சேர்ப்பது என்று நம்மிடையே ஒரு நினைப்பு உண்டு. மாநாட்டுப் பந்தல் போட்டவர்களிடமிருந்து வந்த பழக்கம் அது. லிப்ரே ஆபிஸ் காட்டியது வேறு. அன்னியர் ஒருவரின் ஒரு மாலைப்பொழுது என்ன அளவோ, அந்த அளவுக்கு வேலையை நறுக்கித் தர வேண்டும். நறுக்குபவர் அந்த வேலையைத் தாமே செய்திருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். வந்த திருத்தத்தைப் படித்து, தவறைச் சுட்டி, நன்றி சொல்லி ஏற்பதற்கு இன்னொரு பங்கு நேரம் போகும். வல்லவரின் நேரத்தைப் புதியவருக்காகச் செலவிடும் இந்தக் கணக்கு முதல் ஆறு மாதத்துக்கு நட்டக் கணக்காகவே இருக்கும். அந்த நட்டத்தைத் தாங்கத் துணிந்தவர்கள் இல்லாத இடத்தில் கவை கிடையாது, நகல் மட்டுமே உண்டு.

அவர்கள் பதிப்புரிமை ஆவணத்தையும் ஒழித்தார்கள். திருத்தம் அனுப்புபவர் தம் எழுத்தை இன்ன உரிமத்தில் தருகிறேன் என்று சொன்னால் போதும்; எழுத்து அவருடையதாகவே இருக்கும். அதனால் விளைந்த ஒன்றை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். பலருடைய எழுத்தால் ஆன நிரலை இனி எவரும் தனியொருவராக மூடவோ விற்கவோ இயலாது. முதல் வெளியீடான 3.3, அறிவிப்பு வந்து நான்கே மாதத்தில், 2011 ஜனவரி 25 அன்று வந்துவிட்டது.

பணத்துக்கு வருவோம்; தமிழ்க் கட்டுரைகளில் இந்த இடத்தில்தான் பேச்சு மாறும். ஜெர்மன் சட்டப்படி ஓர் அறக்கட்டளையாகப் பதிவு செய்ய விரும்பினார்கள். அதற்கான மூலதனமாக 50,000 யூரோ வேண்டி 2011 பிப்ரவரியில் பொதுமக்களிடம் கேட்டார்கள். எட்டு நாளில் சேர்ந்துவிட்டது. ஆனால் பணம் சேர்ந்ததற்கும் 2012 பிப்ரவரியில் பெர்லினில் அறக்கட்டளை பதிவானதற்கும் இடையே ஓராண்டு ஓடியது. அந்த ஓராண்டு விதிகளை எழுதுவதிலும் அதிகாரிகளிடம் விளக்குவதிலும் சென்றது. உழைத்தவர்களுக்கே உறுப்புரிமை, உறுப்பினர்களே இயக்குநர் குழுவைத் தேர்வார்கள், எந்த ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம்பெற முடியாது. ஒரு சாவி ஒரே மடியில் இருந்ததால் நேர்ந்ததைக் கண்டவர்கள் எழுதிய விதி அது. நண்பர்களாக இருக்கும்போதே எழுதிக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சண்டை வந்த பிறகு எழுதப்படும் விதிகளின் தரம் நாம் அறியாததன்று.

இப்போது அந்த இளைய நண்பரின் கூற்றுக்கு வரலாறே நடத்திக்காட்டிய சோதனையைப் பார்க்கலாம். 2011 ஜூனில் ஆரக்கிள், ஓப்பன் ஆபிஸ் நிரலையும் பெயரையும் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கிவிட்டது. ஐபிஎம் நிறுவனம் பக்கத்துணையாக நின்றது. எண்ணிப் பாருங்கள்: இரு தரப்பிலும் அடிப்படையில் ஒரே நிரல். இரு தரப்புக்கும் நகலெடுக்கும் உரிமை உண்டு. உலகறிந்த பெயர் அப்பாச்சியிடம். மதிப்புமிக்க அமைப்பின் குடை அப்பாச்சியிடம். உரிமத்தின் போக்கும் ஒருவழிப் பாதையாக அமைந்தது: அப்பாச்சி தன் உரிமத்தில் வெளியிட்டதை லிப்ரே ஆபிஸ் எடுத்துக்கொள்ள முடியும், லிப்ரே ஆபிஸின் நிரல் எதிர்த்திசையில் போக முடியாது. அப்பாச்சியிடம் இல்லாதது ஒன்றுதான். பத்தாண்டு உழைத்த ஆட்களில் பெரும்பகுதியினர் ஒன்பது மாதத்துக்கு முன்பே வேறு வீட்டில் குடியேறிவிட்டார்கள். அப்பாச்சி ஓப்பன் ஆபிஸ் 2012இல் 3.4ஐயும், 2013இல் 4.0ஐயும், 2014இல் 4.1ஐயும் வெளியிட்டது. அதன்பின் 4.1இன் சிறு திருத்தங்களே வந்தன. 2016இல் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, திருத்திய முழு வெளியீட்டைக் கொண்டுவர அவர்களுக்கு மாதங்கள் ஆயின. அவ்வாண்டு செப்டம்பரில் திட்டத்தின் தலைவரே, திட்டத்தை மூடுவதானால் எப்படி மூடுவது என்ற விவாதத்தைத் தொடங்கிவைத்தார். நிரல் இருந்தது, உரிமம் இருந்தது, பெயர் இருந்தது. தொகுத்து வெளியிடும் கைகள்தான் போதவில்லை.

2020 அக்டோபரில், ஓப்பன் ஆபிஸின் இருபதாம் ஆண்டு நிறைவன்று, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் ஒரு திறந்த மடல் எழுதியது. உங்களிடம் வரும் பயனர்களுக்கு லிப்ரே ஆபிஸ் என்று ஒன்று இருப்பதையாவது சொல்லுங்கள் என்பது அதன் சாரம். பழைய பெயரின் ஈர்ப்பு அப்படிப்பட்டது. நம் ஊர்க் கணினி மையங்களில் இன்றும் ஓப்பன் ஆபிஸ் என்று கேட்டுப் பதிவிறக்குபவரை நாம் பார்க்கிறோம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானதும்கூட. "லிப்ரே ஆபிஸைத் தன்னார்வலர் கட்டியதாகக் கதை சொல்கிறீர்களே, அதன் நிரலில் பெரும்பங்கை எழுதியவர்கள் நொவெல், ரெட் ஹாட், கொலாபரா ஆகிய நிறுவனங்களில் சம்பளம் வாங்கியவர்கள் அல்லவா?" ஆம். இதை மறைத்து எழுதும் கட்டுரைகள் நமக்கு உவப்பானவை அல்ல. மொழிபெயர்ப்பு, வழுச்சோதனை, ஆவணம், பரப்புரை ஆகியவற்றில் தன்னார்வலரின் கை ஓங்கியிருக்க, நிரலாக்கத்தின் கடினப் பகுதிகளைச் சம்பளப் பொறியாளர்களே சுமந்தார்கள். ஆனால் அந்தச் சம்பளம் ஒரே வாசலிலிருந்து வரவில்லை. 2013இல் சூசே நிறுவனத்தின் லிப்ரே ஆபிஸ் குழுவினர் கொலாபராவுக்கு மாறினார்கள், வேலை தொடர்ந்தது. 2023இல் ரெட் ஹாட் தன் வழங்கலுக்கு லிப்ரே ஆபிஸைத் தொகுத்துத் தரும் பணியிலிருந்து விலகுவதாக அறிவித்தது, வெளியீடுகள் நிற்கவில்லை. 2010இல் ஆரக்கிளின் ஒரு முடிவு முழுத் திட்டத்தையும் அசைத்தது போல் இவற்றுள் எதுவும் அசைக்கவில்லை.

அங்கே எல்லாம் நலமே என்றும் நாம் சொல்லவில்லை. 2020இல் 7.0இன் முன்வெளியீட்டில் 'தனிநபர் பதிப்பு' என்று ஒரு முத்திரை தோன்றியது. நிறுவனங்கள் காசு கொடுத்து ஆதரவு வாங்க வேண்டும் என்று நினைவூட்டுவதற்காக என்றார்கள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இதை நிறுவ அலைந்த தன்னார்வலர்கள் கொதித்தெழுந்தார்கள். இறுதி வெளியீட்டில் அம்முத்திரை இல்லை. அதே ஆண்டில் கொலாபரா, இணையவழிப் பதிப்பின் பணியைத் தனியே கிட்ஹப்புக்குக் கொண்டுபோயிற்று. கவையிலும் கவை. உழைப்பவருக்குக் கூலி எங்கிருந்து வரும் என்னும் கேள்விக்கு எந்த அறக்கட்டளை விதியும் முழு விடை தருவதில்லை.

அண்மை ஆண்டுகளின் கவைகளைக் காட்டி, இதெல்லாம் சில வாரத்தில் நடக்கிறதே என்பவர்களும் உண்டு. டெர்ராஃபார்மின் உரிமம் மாறியதும் 2023இல் ஓப்பன் டோஃபு, ரெடிஸின் உரிமம் மாறியதும் 2024இல் வால்கீ. இரண்டும் லினக்ஸ் அறக்கட்டளையின் குடைக்குள் விரைந்து வந்தன. விரைவுக்குக் காரணம், அம்மென்பொருளை நம்பிப் பிழைப்பு நடத்தும் நிறுவனங்கள் பொறியாளர்களைக் கையோடு அனுப்பிவைத்தன. தவறில்லை. ஆனால் அதனைச் 'சமூகக் கவை' என்று எழுதும்போது சமூகம் என்ற சொல்லின் பொருள் நீர்த்துப் போகிறது. அந்த விரைவை அளவுகோலாகக் கொண்டு, பின்னணி ஏதும் இல்லாத பத்துப் பேர் இறங்கினால் பத்து வாரத்தில் சோர்ந்துபோவார்கள்.

இவ்வளவும் நமக்கு எதற்கு? 2005இல் இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் ஒரு தமிழ் மென்பொருள் குறுந்தட்டை இலவசமாக வழங்கியது நினைவிருக்கலாம். ஓப்பன் ஆபிஸின் இந்திய வடிவமான 'பாரதீய ஓப்பன் ஆபிஸ்' அதில் இருந்தது. அதற்கும் முன்பே தமிழா குழுவினர் ஓப்பன் ஆபிஸைத் தமிழில் பெயர்க்கும் பணியைத் தொடங்கியிருந்தார்கள். அறிவிப்புகளும் விழாக்களும் குறுந்தட்டுக்கு நிறையக் கிடைத்தன. ஆனால் குறுந்தட்டில் இருப்பது அன்றைய நிலையில் உறைந்த ஒரு நகல். அதில் ஒரு பிழை கண்டால் யாருக்கு எழுதுவது, திருத்தம் எப்படி வந்து சேரும் என்பதற்கு அத்தட்டில் வழியில்லை. மாறாக, மூலத் திட்டத்துக்குள் சேர்ந்த தமிழாக்கம் கவை விழுந்தபோதும் கூடவே போக முடிந்தது. ஆரக்கிளோ வேறெவரோ அதைத் தடுக்க இயலவில்லை.

இதனைச் சொல்வதற்குக் காரணம், 'லிப்ரே ஆபிஸைத் தமிழுக்கென்று தனியே பிரித்து ஒரு தமிழ் ஆபிஸ் செய்வோம்' என்ற யோசனை நம் வட்டங்களில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. பிழைதிருத்தி சரியில்லை, கலைச்சொற்கள் சீராக இல்லை, எழுத்துருக்கள் ஒழுங்காக அமைவதில்லை என்பவை குறைகள். குறைகள் மெய்யே. ஆனால் கவை என்பது கதவு அடைபட்டவர்களின் கடைசி வழி. இங்கே கதவு அடைபடவில்லை, நாம் இன்னும் தட்டவே இல்லை. மென்பொருள் உலகில் பிரிவதை ஒரு மனுவாகவே பயன்படுத்தியோர் உண்டு: 1997இல் ஜிசிசியிலிருந்து பிரிந்த ஈஜிசிஎஸ், இரண்டே ஆண்டில் அதிகாரபூர்வ ஜிசிசியாகவே ஏற்கப்பட்டது. ஆனால் அவர்கள் மூலத்தாரிடம் அனுப்பித் தேங்கிப்போன திருத்தங்களைக் கையில் வைத்துக்கொண்டு பிரிந்தவர்கள். நம் கையில் அப்படி எத்தனை இருக்கின்றன?

பெயர் சொல்ல வேண்டாத ஒரு கல்லூரியில், மென்பொருள் இடைமுகத்தைத் தமிழாக்கும் பயிற்சியை முதுகலை மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுவதும் கொடுத்தார்கள். பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். ஒரு மாணவி கட்டளைச் சொற்கள் ஏவல் வினையாக இருக்க வேண்டுமா தொழிற்பெயராக இருக்க வேண்டுமா என்று நான்கு பக்கம் விவாதித்திருந்தாள். எல்லாம் கறுப்பு ரெக்சின் அட்டைபோட்டுப் பொன்னெழுத்துப் பொறித்துத் துறை நூலக அலமாரியில் ஏறிவிட்டன. ஒரு சொல்கூட மூலத் திட்டத்துக்குப் போகவில்லை. அனுப்ப வேண்டும் என்று கேட்டபோது, மதிப்பெண் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளைகளிடம் போய்த் தமிழ் ஆபிஸ் தொடங்குவோம் வாருங்கள் என்று முழங்குவது எவ்வளவு எளிது!

ஆகவே தனித் தமிழ்க் கவையை முன்மொழியும் நண்பர்களிடம் சிலவற்றைக் கேட்கிறோம். இணையதளப் பெயரையும் வணிகக்குறியையும் யார் பெயரில் பதிவீர்கள், அவர் விலகினால் அது யாருக்குப் போகும்? மூலத்தில் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தம் வரும்போதும் அதை உங்கள் நிரலில் சேர்த்து வெளியிடப்போவது யார், அவர் தேர்வுத்தாள் திருத்தப் போய்விட்டால் அடுத்தவர் யார்? திருநெல்வேலியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ முகமறியாத ஒருவர் மூன்று வரி திருத்தம் அனுப்பினால், எத்தனை நாளுக்குள் அதைப் படித்துப் பதில் எழுதுவீர்கள்? முதல் வெளியீட்டின் தேதியைப் பிறகு சொல்லுங்கள், மூன்றாவது வெளியீட்டின் தேதியைச் சொல்லுங்கள். நால்வர் கையொப்பத்தோடு இந்தத் தாளைக் கொண்டுவந்தால், ஐந்தாவது கையொப்பம் நம்முடையது. அதுவரையில் லிப்ரே ஆபிஸின் தமிழாக்கப் பக்கம் வெப்லேட் தளத்தில் திறந்தே இருக்கிறது. அந்த ரெக்சின் அட்டைகளுக்குள் இருப்பதைத் தட்டச்சு செய்ய இரண்டு மாணவர்கள் போதும்.